இரட்டை எண் வீடுகள்

காலை எட்டு நாற்பதுக்கு ருஷ்தி பெரியவாப்பாவின் மேசை இழுப்பறையைத் திறந்தான். மரணப் பதிவுப் படிவத்தில் ஒரு கட்டம் இன்னும் காலியாக இருந்தது. ஆஸ்திரேலியாவுக்கு வந்த வருடம். குடியுரிமைப் பத்திரத்தில் இருக்கும் என்று மனைவி ரினோசா சொல்லியிருந்தாள்.

பெரியவாப்பா மீரா சாஹிபு நேற்றுப் பின்னேரம் ஆஸ்பத்திரியில் மவுத்தானார். மையித்தை நேரே பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பதினொரு மணிக்குக் குளிப்பாட்ட வேண்டும். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாத் தொழுகை, அடக்கம்.

பெரியவாப்பாவின் மகன் ரிஃபாஸ் கையில் போனோடு வாசலில் வந்து நின்றான்.

"நானா, அந்த ஸ்பீச்ச நீங்க செய்யுங்க."

"என்ன ஸ்பீச்?"

"ஜனாஸாவுக்கு முன்னால கேக்கிறது. வாப்பா ஆருக்கும் பிழை செஞ்சிருந்தா மாப்புச் செய்யச் சொல்லி. மகன்தான் கேக்கணுமெண்டு மௌலவி சொல்றார். என்ட தமிழ்ல கேட்டா ஒருத்தரும் மாப்புச் செய்ய மாட்டாங்க."

"இங்கிலீஷ்ல கேளு."

"வாப்பாட கூட்டாளிமாரிட்டயா? அவங்களுக்குக் காது கேக்காது. 'வாட், மகன்?' எண்டுவாங்க. நான் திரும்பக் கேக்கணும்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நீங்களும் மகன்தானே."

அது கிட்டத்தட்டச் சரி. ருஷ்தி, மீரா சாஹிபுவின் தம்பி மகன். தம்பி உதுமாலெப்பை தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குள் ஊரில் லொறியில் மட்டக்களப்புக்குப் போனவர் திரும்பவில்லை. அப்போது ருஷ்திக்கு ஒரு வயது. உம்மாவும் போன பிறகு, பத்து வயதில், பெரியவாப்பா அவனை இங்கே, ஆஸ்திரேலியாவில் ரோவிலுக்கு எடுத்துக்கொண்டார். ரிஃபாஸ் பிறந்தது அதற்குப் பிறகு; பேசத் தொடங்கியதிலிருந்து அவனுக்கு ருஷ்திதான் நானா, அண்ணன். பெருநாளைக்கு இரண்டு பேருக்கும் ஒரே துணியில் சட்டை எடுத்தார்.

"சரி, பாப்பம்," என்றான்.

பத்திரம் வேல்ஸ் ஃபைலுக்குக் கீழே கிடந்தது. அந்த ஃபைலை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்திரேலியாவுக்கு வருமுன் பெரியவாப்பா வேல்ஸில் பத்து வருடம் இருந்தார். மலைகளுக்கு இடையில் ஒரு சிறிய ஊர். அந்த ஊர் எந்தப் பாராளுமன்றத் தொகுதியில் இருக்கிறது, அதன் எல்லை எந்த வருடம் எங்கே நகர்ந்தது என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். எல்லை மாற்றும்போதெல்லாம் வரைபடத்தை எடுத்துப் பெரிய தாளில் அச்சடித்துக்கொண்டு வருவார். குசினி மேசையில் விரித்து வைத்துக் கலர்ப் பென்சிலால் கோடு போடுவார். இந்த ரோவில் எந்தத் தொகுதி என்று கேட்டால் ரிஃபாஸைக் கூப்பிடுவார்.

ருஷ்தி ஃபைலைத் தூக்கினான். ரப்பர் வளையம் அறுந்தது. தாள்கள் தரையில் பரவின.

குனிந்து ஒன்றொன்றாக எடுத்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு. ஐம்பது. எண்பத்து மூன்று. எண்பத்து மூன்றாம் ஆண்டுத் தாள் மட்டும் பழுத்திருந்தது. அதில் தொகுதியின் எல்லை ஆற்றோடு வந்து, ரயில் பாதையைக் கடந்து, ஒரு தெருவின் நடுவால் போனது. தெருவின் ஒரு பக்கம் ஒற்றை எண் வீடுகள். மறு பக்கம் இரட்டை எண் வீடுகள். ஒற்றை எண்கள் ஒரு தொகுதி. இரட்டை எண்கள் அடுத்த தொகுதி. பதினேழாம் இலக்கத்தில் ஒரு புள்ளி. எதிரே இருபத்திரண்டில் ஒரு புள்ளி. பெரியவாப்பா சிவப்பு எல்லைக்கோட்டை இருபத்திரண்டுக்கு நேரே பென்சிலால் வளைத்து, அந்த ஒரு வீட்டை மட்டும் இந்தப் பக்கம் எடுத்திருந்தார். அழித்திருந்தார். திரும்பவும் வளைத்திருந்தார். அந்த இடத்தில் தாள் தேய்ந்து வெளிச்சம் தெரிந்தது.

தொண்ணூற்றேழாம் ஆண்டுத் தாளில் இரண்டு புள்ளிகளும் ஒரே நிறத்துக்குள் வந்திருந்தன. ஓரத்தில் தமிழில் எழுதியிருந்தார். ஒன்பது வருசம் பிந்தி.

அதற்குக் கீழே தொகுதி உறுப்பினர் எழுதிய ஒரு கடிதம். பாராளுமன்ற முத்திரை. எண்பத்தெட்டு, மார்ச்.

திரு. சாஹிபு, உங்கள் விண்ணப்பம் பற்றி உள்துறைக்கு எழுதிவிட்டேன். அதற்குப் பதில் வரும்வரை உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். உங்கள் தம்பி எதிர்ப்பக்கம் வசிப்பதால் அவர் என் தொகுதியில் இல்லை. இன்னொரு உறுப்பினரின் தொகுதிவாசிக்காக நான் எழுதுவது எங்கள் சபையின் வழக்கம் அல்ல. ஆனால் அவர் உண்மையில் உங்களோடு பதினேழாம் இலக்கத்தில்தான் வசிக்கிறார் என்றால், அதை ஒரு வரியில் எழுதி வெள்ளிக்கிழமைக்கு முன் அனுப்புங்கள். அவர் பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பெரியவாப்பா எந்தக் கடிதத்துக்கும் பிரதி வைத்துக்கொள்பவர். தண்ணீர் பில்லுக்கு எழுதியதற்குக்கூடப் பிரதி இருந்தது. ருஷ்தி எல்லாத் தாள்களையும் இரண்டு முறை புரட்டினான். அந்த ஒரு வரி இல்லை.

ஊர் நினைவு தாங்காமல் வாப்பா வேல்ஸிலிருந்து விரும்பித் திரும்பினார் என்றுதான் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

கடிதத்தோடு பெரியும்மாவின் அறைக்குப் போனான். ரினோசா கதவை அரைவாசி சாத்திக்கொண்டு குறுக்கே நின்றாள்.

"உள்ளுக்கு வர ஏலா. மாமி இத்தாவில இரிக்கிறா. வேற ஆம்பிளையள் பாக்கக் கூடா."

"எனக்குமா?"

"மௌலவிட வைஃப்கிட்டக் கேட்டேன். சொந்த மகன் மட்டுந்தான் பாக்கலாமாம்." அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "நாலு மாசம் பத்து நாள்தானே."

இருபத்தாறு வருடம் இந்தக் கதவை அவன் தட்டியதில்லை. கடிதத்தைக் கதவு இடுக்கால் நீட்டினான்.

"இதப் பெரியும்மாட்டக் குடு."

ரினோசா வாங்கிக்கொண்டு போனாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. தாள் விரிகிற சத்தம்.

"மகன்." பெரியும்மா மைமூனாவின் குரல் கதவுக்குக் கிட்ட வந்தது. வெள்ளைச் சேலையின் ஓரம் மட்டும் தெரிந்தது. "இத நீ இண்டைக்கா பாக்கணும்?"

"பெரியும்மாவுக்குத் தெரியுமா?"

"கலியாணத்துக்கு முதல் எழுதினார். இத வாசிச்சிட்டு வேணாமெண்டா வேணாமெண்டு சொல்லச் சொல்லி."

"நீங்க ஓமெண்டீங்க."

"எனக்குப் பத்தொம்பது வயசு."

குசினியில் யாரோ பெரிய சட்டியைக் கழுவினார்கள். தண்ணீர் நின்ற பிறகு அவர் சொன்னார்.

"பொய் எழுதிக் குடுத்துப் பிடிபட்டா ரெண்டு பேரையும் பிளேன்ல ஏத்திருவானுகள் எண்டு பயந்திட்டார். வியாழக்கிழமை வரைக்கும் பேனைய வச்சிக்கிட்டு இருந்தாராம். அடுத்த தொகுதிக்காரனுக்கு ரெண்டு கடிதம் போட்டார். அவன் பதிலே போடல்ல."

"என்ன பொய் பெரியும்மா? ரோட்டக் கடந்து வந்து இருந்தாச் சரி. பெட்டியத் தூக்கிட்டு வந்தாப் பொய்யில்லயே."

"ஓம்."

"வாப்பா கேட்டாரா?"

வெள்ளைச் சேலையின் ஓரம் கதவிலிருந்து விலகியது.

"கேட்டாரா, பெரியும்மா?"

"பெட்டியோட வந்து கதவத் தட்டினார். இவர் திறக்கல்ல."

ருஷ்தி சுவரில் கை வைத்தான்.

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"ஒவ்வொரு பெருநாளும் சொல்லப் போறன் எண்டுவார். பெருநாள் முடிஞ்சிரும்." அவர் மூச்சு வாங்கினார். "ஒண்டு சொல்றன், கோவிக்காத. உன்ட வாப்பா அங்கயே நிண்டிருந்தா உன்ட உம்மாவ ஆரு கட்டியிருப்பாங்க? நீ எங்கால வந்திருப்பாய்?"

ருஷ்தி கதவுப் பிடியில் கை வைத்தான், எடுத்தான்.

"மகன். இண்டைக்குப் பள்ளியில முந்நூறு பேர் நிப்பாங்க. முந்நூறு பேரும் மாப்புச் செஞ்சு என்னத்துக்கு? நீ ஒருத்தன் வாயால சொன்னாப் போதும். அவர மண்ணுக்குள்ள வைக்க முதல் சொல்லு."

கடிதம் இடுக்கு வழியாகத் திரும்பி வந்தது. அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். படிவத்தில் தொண்ணூற்றாறு என்று எழுதினான்.

காரில் ஏறும்போது ரிஃபாஸிடம் சொன்னான்.

"நீயே கேளு. உன்ட வாப்பா."

"நானா, ப்ளீஸ்."

"போனைத் தா. தமிழ இங்கிலீஷ் எழுத்தில எழுதித் தாறன். பாத்து வாசி."

போகும் வழியெல்லாம் ரிஃபாஸ் அதை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். "தெரிந்தோ தெரியாமலோ" என்ற இடத்தில் மூன்று முறை தடுக்கினான். நாலாவது முறை தன்னையறியாமல் சிரித்துவிட்டு, உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பள்ளியின் பின்பக்கம் குளிப்பாட்டும் அறை இருந்தது. எஃகு மேசை. கூரையிலிருந்து தொங்கும் குழாய். ஜனாஸாக் குழுவிலிருந்து வந்த வயதானவர் கையுறைகளை நீட்டினார். வலது பக்கம் முதலில் என்றார். ரிஃபாஸ் குழாயைப் பிடித்தான். தண்ணீர் துணியில் விழாமல் தரையில் விழுந்தது.

"கையப் பாத்துப் பிடிங்க, மகன்," என்றார் ருஷ்தியிடம்.

ருஷ்தி பெரியவாப்பாவின் வலது கையைத் தூக்கினான். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. இந்தக் கைதான் பத்து வயதில் விமான நிலையத்தில் அவன் கையைப் பிடித்தது; கார் நிறுத்தும் இடத்தைத் தாண்டும்வரை விடவில்லை. நடுவிரலில் இன்னும் சிவப்புப் பென்சில் கறை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தான். போகவில்லை.

"அது போதும்," என்றார் வயதானவர்.

இன்னொரு முறை தேய்த்தான்.

வெளியே வந்தபோது சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் சிறிதரன் அங்கிள் நின்றார். பக்கத்து வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்தவர். தலையில் கைலேஞ்சி கட்டியிருந்தார்.

"தம்பி, நான் எதில நிக்கிறது? பிழையான இடத்தில நிண்டு அவருக்கு ஏதும் பிழைச்சுப் போகுமோ?"

"அப்பிடி ஒண்டும் இல்ல அங்கிள். பின்னால கதிரை இரிக்கி."

"கதிரை வேண்டாம். நிக்கிறன்." அவர் சப்பாத்தைக் கழற்றினார். "உம்மட பெரியப்பா ரெண்டு மூண்டு வருசத்துக்கு முன்னம் என்னட்டை ஒரு கையெழுத்து வேண்டினவர். வேல்ஸிலை எல்லையைத் திரும்ப மாத்தப் போறாங்களாம், ஒரு தெருவை நடுவால பிரிச்சுப் போடாதேங்கோ எண்டு ஒரு மனு. நான் சொன்னன், எனக்கும் உங்களுக்கும் அங்கை வோட்டும் இல்லை, ஆர் பாக்கப் போறான் எண்டு. பரவாயில்லை, வையுங்கோ எண்டார். வைச்சன். சாந்தமான மனுசன். அண்டைக்கு மட்டும் நான் வைக்கும்வரை வாசலை விட்டுப் போகேல்லை."

"பிரிச்சாங்களா?"

"இல்லையாம். தொகுதியே இல்லாமப் போட்டுதாம். வேல்ஸிலை நாப்பது தொகுதியை முப்பத்திரண்டாக்கினவங்களாம். இனி ஆரும் பிரிக்கேலாது எண்டு சிரிச்சவர்." சிறிதரன் கைலேஞ்சியைச் சரிசெய்தார். "எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நானும் சிரிச்சன்."

லுஹர் முடிந்தது. வெள்ளைத் துணி போர்த்திய பெட்டியை முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். மௌலவி ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார்.

"மையித்தின் வாரிசு முன்னால வாங்க."

ரிஃபாஸ் எழுந்தான். போனைப் பார்த்தான். திரை அணைந்திருந்தது. திறந்தான். அவசரத்தில் வேறெதுவோ திறந்து, யாரோ பாடத் தொடங்க, பதறி அணைத்தான். முன் வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினார். ரிஃபாஸ் திரும்பி ருஷ்தியைப் பார்த்தான்.

ருஷ்தி வரிசையில் நின்றான். இரண்டு பக்கமும் தோள்கள். ரிஃபாஸ் கேட்டால் இந்த வரிசை பதில் சொல்லும். வரிசையில் நிற்கிற எல்லோரும் சொல்லவேண்டும். சொல்லாதவன் யாரென்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியும்.

அவன் வரிசையை விட்டு முன்னால் வந்தான். ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டான்.

"அஸ்ஸலாமு அலைக்கும். இது என்ட பெரியவாப்பா, மீரா சாஹிபு. எங்கள வளத்தவர்." நிறுத்தினான். கூரை விசிறிகள் சுற்றின. "அவரும் மனுசர்தான். தெரிந்தோ தெரியாமலோ, சொல்லாலயோ செயலாலயோ, செய்ய வேண்டியதச் செய்யாம விட்டதாலயோ, உங்கள்ல ஆருக்காவது பிழை செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காக அவர மாப்புச் செய்யுங்க."

"மாப்புச் செய்தோம்," என்றார்கள். முன் வரிசையிலிருந்து பின்னுக்குப் போனது அந்தச் சத்தம். கடைசியாக, எல்லோரும் முடித்த பிறகு, கதவோரத்திலிருந்து சிறிதரன் அங்கிளின் குரல் தனியாகக் கேட்டது.

"செய்தம், தம்பி."

ருஷ்தி ஒலிவாங்கியை மௌலவியிடம் கொடுத்தான். மௌலவி வரிசைகளை நேராக்கச் சொன்னார். அவன் வந்து ரிஃபாஸுக்குப் பக்கத்தில் நின்றான். பெட்டி நாலடி தூரத்தில் இருந்தது. சட்டைப் பையில் தாள் நெஞ்சில் குத்தியது. தோளோடு தோள் சேரும்படி நெருங்கி நின்றார்கள். ரிஃபாஸ் கண்ணைத் துடைத்துவிட்டு அவன் காதுப் பக்கம் சரிந்தான்.

"நானா, கேக்கிற ஆள் மாப்புச் செய்யத் தேவல்லயா?"