பின்னங்கால்களைப் பார்க்க வந்தவர்

1.

இந்தக் கதை உப்பில்லாத சாப்பாட்டில் பிறந்தது. மறைப்பானேன். போன வாரம் மதியம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள்.

"இப்ப என்ன சாப்பிட்டீங்க?"

திரும்பித் தட்டைப் பார்த்தேன். துடைத்துவிட்டது போல இருந்தது, ஒரு தடயமும் இல்லை.

"நல்லா இருந்துச்சு" என்றேன்.

"எதுலயும் உப்பே போடலை. வேணும்னுதான். மூணு நாளா போடலை."

அந்த மூன்று நாளும் நான் எங்கே இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். இன்னும் எழுதாத கதைக்கு இன்னும் வராத விமர்சனம் ஒன்றுக்கு மனதுக்குள் காரசாரமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இந்த நிமிடத்தில் வாழ்வது பற்றி ஒரு கதை எழுதியே தீருவது என்று முடிவு செய்தேன். தான் செய்ய முடியாததை ஊருக்குச் சொல்வதற்குத்தானே எழுத்தாளன்.

2.

முதல் வரி: "மகிழ்ச்சி என்பது வெளியே தேடிக் கண்டடையும் பொருளல்ல, அது உள்ளே—"

வேண்டாம். இப்படித் தொடங்கும் எதையும் நானே இரண்டாவது வரிக்கு மேல் படித்ததில்லை.

"நதி ஓடிக்கொண்டிருந்தது. கரையில் ஒரு துறவி கண்மூடி—"

துறவிக்கென்ன, உட்கார்ந்துவிடுவார். அவர் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழாவா வரப்போகிறது?

"காலண்டர் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவர் ஒருவர் இருந்தார்."

இவர் பரவாயில்லை. இவரைப் பிடித்துக்கொள்வோம்.

3.

காலண்டர் அச்சகத்தில் எப்போதும் அடுத்த வருடம்தான் நடக்கும். ஊரெல்லாம் இந்த வருடத்தின் மார்ச்சில் வியர்த்துக்கொண்டிருக்கும்போது, நம் ஆள் அடுத்த வருடத்தின் நவம்பரில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பார். முந்நூற்று அறுபத்தைந்து தாள்கள். ஒவ்வொன்றிலும் தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பத்தொன்பது வருடமாக இதே வேலை. அச்சகத்தில் அவர் பெயரே 'அடுத்த வருஷம்'.* புது வருடம் பிறக்கிற அன்று எல்லோரும் கைகுலுக்கும்போது இவர் கொட்டாவி விடுவார். இதெல்லாம் போன வருடமே பார்த்ததுதானே.

(* 'அடுத்த வருஷம் டீ குடிக்கப் போயிருக்கார்' என்று யாராவது சொன்னால் அங்கே ஒருவரும் சிரிப்பதில்லை. பழகிவிட்டது.)

இதில் ஒரு சங்கடம் உண்டு. அவர் தலைக்குள் இருக்கும் கிழமைகளும் அடுத்த வருடத்தினுடையவை. போன ஆண்டுவிழாவுக்கு மகள் "பதினாலாம் தேதிப்பா" என்றாள். பதினாலு என்றால் சனிக்கிழமை, அவர் மேஜையில் அப்படித்தான் இருந்தது. சனிக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு அரை மணி முன்னதாகவே போய்விட்டார். காவலாளி அரங்கத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"விழா நேத்தே முடிஞ்சிடுச்சே சார்."

மகள் அழவில்லை. அன்று இரவு சாப்பிடும்போது, "அடுத்த வருஷம் வா" என்று மட்டும் சொன்னாள். அது அவர் பெயர் என்று அவளுக்குத் தெரியாது.

3. (மறுபடியும். மனைவி வந்து எட்டிப் பார்த்ததால்)

"அந்தப் பொண்ணுக்கு இந்த வருஷ விழா நாடகத்துல என்ன வேஷம்?"

"ராணி."

"எல்லா கதையிலயும் ராணியா?"

சரி. எட்டு வயது. குதிரை. துணியால் தைத்த குதிரை, உள்ளே இரண்டு பிள்ளைகள். தலைப்பக்கம் அவளுடைய சிநேகிதி. இவள் குனிந்து, சிநேகிதியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால். பின்னங்கால்கள் மட்டும். முகமும் தெரியாது, வசனமும் கிடையாது.

"ஐயோ பாவம். முன்னாடி போடக் கூடாதா?"

போடலாம், என் கையில்தான் இருக்கிறது. ஆனால் அவள் அப்பாவிடம் சொன்னதை நான் ஏற்கனவே எழுதிவிட்டேன்:

"எல்லாரும் குதிரை மூஞ்சியத்தான் பாப்பாங்கப்பா. நீ வரலேன்னா என்னை யாருமே பாக்க மாட்டாங்க."

மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். எனக்குப் பயமாகிவிட்டது. இந்த மனிதர் இந்தத் தடவையும் சொதப்பினால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது, உப்போடும் சரி, இல்லாமலும் சரி.

5.

(நான்காம் பகுதியில் காலம் என்றால் என்ன என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். மனைவி படித்துவிட்டுக் கிழித்தாள். நியாயம்தான்.)

இந்த வருடம் மகள் உஷாராகிவிட்டாள். தேதியும் சொல்லவில்லை, கிழமையும் சொல்லவில்லை. விழா நாள் காலையில் அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"அப்பா. இன்னைக்கு."

அவர் நுரையோடு தலையாட்டினார். நேராக முதலாளியிடம் போய் அரை நாள் லீவு கேட்டார்.

"என்னைக்கு வேணும்?"

"இன்னைக்கு."

முதலாளி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு கேட்டார். "இந்த வருஷத்து இன்னைக்கா?"

"ஆமா சார்."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

ஒருவழியாக வந்துவிட்டார். மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி. திரை விலகியது. அட்டைக் கிரீடம் வைத்த ராஜா வாளை உருவ, குதிரை உள்ளே வந்தது. நான்கு கால்கள். பின்னால் இருக்கும் இரண்டில் பழுப்புக் காலுறை, ஒன்று கணுக்காலுக்கு நழுவியிருந்தது. அவள்தான். அவர் மனம் நிறைந்துபோய் நினைத்தார்:

'அடுத்த வருஷம் முன்னங்கால் குடுப்பாங்க. அதுக்கடுத்த வருஷம்—'

போச்சு. பத்தொன்பது வருடப் பழக்கம். மூன்றாவது வரிசையில் அவருடைய சட்டை மட்டும்தான் உட்கார்ந்திருந்தது. கல்லூரிப் பட்டமளிப்பு வரைக்கும் போய்விட்டார். எதிரே பின்னங்கால்கள் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தன. ஒருவரும் பார்க்கவில்லை.

6.

இப்போது என்ன செய்வது? என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

(அ) பக்கத்து நாற்காலிக்காரர் தும்முகிறார். நம் ஆள் விழித்துக்கொள்கிறார். கண்ணில் நீர். சுபம்.

(ஆ) நாடகம் முடிகிறது. மகள் ஓடி வந்து "பாத்தியா?" என்கிறாள். அவர் "பாத்தேன்" என்கிறார். அது பொய் என்று நமக்குத் தெரியும். இலக்கியம்.

"ரெண்டும் சகிக்கலை" என்றாள் மனைவி. "நீங்க குண்டுச் சட்டியிலயே குதிரை ஓட்டிட்டு இருக்கீங்க. அங்க குதிரை போயிடப் போகுது."

(இ) யோசிக்கலாம் என்று பேனாவை உயர்த்தியபோது டர்ர் என்று ஒரு சத்தம். குதிரை நடுவில் பிய்ந்துவிட்டது. சத்தியமாக நான் எழுதவில்லை, துணி மட்டமாக இருந்திருக்கும். தலையும் முன்னங்கால்களும் மிடுக்காக நடந்து மறுபக்கம் மறைந்துவிட்டன. பின்பாதி நடுமேடையில் தனியாக நின்றது. குனிந்தபடி, வாலோடு. முன்னால் நீட்டிய இரண்டு சின்னக் கைகள் பிடித்துக்கொள்ள இடுப்பைத் தேடின.

அரங்கமே சிரித்தது. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள், ஆனால் அவள் கேட்டது இந்த மாதிரிப் பார்வையை இல்லை.

"எங்க போறார் அவர்?" என்றாள் மனைவி.

"யாரு?"

"உங்க ஆளுதான். எந்திரிச்சுட்டார் பாருங்க."

எனக்குத் தெரியாது, நான் எழுதவில்லை. மூன்றாவது வரிசை நாற்காலி காலியாக இருந்தது. ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதர், சட்டைப்பையில் சிவப்புப் பேனாவோடு, மேடைப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தார். அரைக் குதிரைக்கு முன்னால் போய், முதுகைக் காட்டிக் குனிந்தார். கைகள் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டன. பிடித்ததும் திடுக்கிட்டன. இது சிநேகிதியின் இடுப்பு அளவு இல்லையே.

"யாரு?" துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நான்தான்டா."

"அப்பாவா?"

"ம்."

ராஜா வாளோடு காத்திருந்தார்.

"இப்ப எந்தப் பக்கம்ப்பா போகணும்?"

"தெரியலையேடா. நான் ஒத்திகைக்கு வரலை."

"எனக்கும் தெரியாது. நான் குனிஞ்சேதான் இருப்பேன்."

"சரி, வலது கால வைப்போமா?"

"ம்."

வைத்தார்கள்.

7.

இதற்குமேல் நான் எழுதினால், எழுதுவது எதுவோ அதைத்தான் அவர்கள் செய்தாக வேண்டும். அது எனக்கு இஷ்டமில்லை. எங்கே போய் முடியும் என்று தெரிய வேண்டுமென்றால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பேனாவை மூடிவிட்டேன். மனைவி எனக்கு முன்பே மூன்றாவது வரிசைக்குப் போய்விட்டாள்.

நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். மறைக்கிறது.