பின்னணிப் பக்கம்

தேநீர் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபோது மாப்பிள்ளை கேட்டார்.

"அவளுக்குப் பல்வலி இன்னும் விடலையாக்கா?"

அக்காவின் குவளை நிரம்பி விளிம்பில் வழிந்தது. விரல் சுட்டது. குவளையை மேடையில் வைத்தாள்.

"யாருக்கு?"

"உங்க தங்கச்சிக்குத்தான். அடிக்கடி வருமே. சும்மா கேட்டேன்."

சிரித்துவிட்டுப் போனார். தங்கையின் கணவர், இதே அலுவலகத்தில்தான் வேலை. அவர் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். தங்கையின் மணிக்கட்டு உடைந்தபோது அவரே மருத்துவமனைக்குக் கூட்டிப் போய், குளியலறையில் வழுக்கிவிட்டது என்று மருத்துவரிடம் மெதுவாகச் சொன்னார். தங்கை போலீசிடம் போனபோது, குடும்பம் என்றால் இப்படித்தான் முன்னே பின்னே இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு காலையில் தங்கை வீட்டைவிட்டுப் போனாள். போனைச் சாக்கடையில் போட்டுவிட்டுப் போனாள். எங்கே இருக்கிறாள் என்று அக்காவுக்குக்கூடத் தெரியாது. உனக்குத் தெரிந்தால் உன் முகத்திலிருந்தே அவர் படித்துவிடுவார் என்று எழுதியிருந்தாள். எப்போதாவது ஒரு மெயில் வரும்.

பல்வலி கடைசி மெயிலில் இருந்தது. அக்கா அதைத் தன் போனில், தன் வீட்டில் படித்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அப்படியானால் ஓட்டை தங்கையின் பக்கம்.

அக்கா தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் மேசை அடுத்தது. இருவருக்கும் நடுவில் முழங்கை உயரத் தடுப்பு. அவர் பையில் எதையோ மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"கிளம்பிட்டீங்களா?" என்றான் எதிர் வரிசை டெஸ்டர். தவறுகளைக் குடைந்து எடுப்பதால் அவனுக்கு வண்டு என்று பெயர்.

"கொஞ்சம் வெளியூர் வேலை. நாளைக்கும் லீவு."

"அனுபவிங்க. எங்களுக்கெல்லாம் வெளியூர்னா கக்கூஸ்தான். அதுக்கும் ரெண்டு பேர் வரிசையில நிக்கிறாங்க."

மாப்பிள்ளை சிரித்தார். அக்காவின் நாற்காலியைத் தாண்டும்போது, "வர்றேன்கா" என்றார். கதவு தானாக மூடிக்கொண்டது.

அந்த அலுவலகம் செய்தது ஒரே ஒரு பொருள். ப்ரவுசரில் சேர்த்துக்கொள்ளும் சின்ன எக்ஸ்டென்ஷன். எந்தப் பக்கத்தில் எந்தச் சொல்லின்மேல் சுட்டியை வைத்தாலும் ஒரு சின்னப் பெட்டியில் பொருள் சொல்லும். அதற்கு எல்லாப் பக்கங்களையும் படிக்கும் அனுமதி வேண்டும். நிறுவும்போது ப்ரவுசர் கேட்கும். எல்லோரும் சம்மதம் என்று அழுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு பின்னணிப் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். அது திரையில் தெரியாது. ப்ரவுசர் திறந்ததும் விழிக்கும். எந்த ஜன்னலில் என்ன திறந்திருக்கிறது, என்ன தட்டச்சாகிறது என்று அதனால் பார்க்க முடியும். எந்தப் பக்கத்துக்குள்ளும் நுழைந்து எதையும் மாற்ற முடியும். சாதாரண இணையப் பக்கம் எதற்கும் அந்த அதிகாரம் கிடையாது.

புதிய பதிப்புகளை முதலில் வீட்டு ஆட்கள்மேல் ஓட்டிப் பார்ப்பது அங்கே வழக்கம். மனைவி, மச்சான், மாமியார் எல்லோரும் சோதனைப் பதிப்பில் இருந்தார்கள். மாமியார் போன் செய்து, பெட்டி நின்றுபோச்சு என்பார். உட்கார்ந்த இடத்திலிருந்தே சரிசெய்ய ஒரு வழி வேண்டும் என்று அக்காதான் சோதனைப் பதிப்பின் பின்னணிப் பக்கத்தில் ஒரு துவாரம் வைத்தாள். இங்கிருந்து கட்டளைகளாக எழுதி அனுப்பும் ஸ்கிரிப்ட் எதுவானாலும் அங்கே அப்படியே ஓடும். வெளியீட்டுக்கு முன் எடுத்துவிடலாம் என்றிருந்தாள். வெளியீட்டுப் பதிப்பிலிருந்து எடுத்தும்விட்டாள். வீட்டு ஆட்களின் பதிப்பில் விட்டுவைத்தாள். வீட்டு ஆட்கள்தானே.

தங்கை வாங்கியது புதிய கம்ப்யூட்டர். ஆனால் பழைய கணக்கில் நுழைந்திருக்கிறாள். பாஸ்வேர்டுகள் வேண்டியிருந்திருக்கும். கணக்கோடு சேர்ந்து பழைய ப்ரவுசரில் இருந்ததெல்லாம் தானாக இறங்கியிருக்கும். எக்ஸ்டென்ஷனும்.

அக்கா கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறந்தாள். சோதனை ஆட்கள் எண்களாக வரிசையில் நின்றார்கள். தங்கையின் எண்ணுக்கு எதிரில் பச்சைப் புள்ளி. இப்போது ப்ரவுசரைத் திறந்து வைத்திருக்கிறாள்.

கீழே மாப்பிள்ளை அனுப்பிய ஸ்கிரிப்டுகள் இருந்தன. சுத்தமாக எழுதப்பட்டவை. ஒன்று தட்டச்சு செய்வதையெல்லாம் நகலெடுத்தது. ஒன்று மெயில் பாஸ்வேர்டை எடுத்தது. கடைசியாக ஓடியது, தங்கை ஒரு பல் மருத்துவரிடம் நேரம் கேட்டு நிரப்பிய பக்கத்திலிருந்து அவள் முகவரியை எடுத்திருந்தது. கதவு எண் உட்பட.

அக்கா முகவரியைப் படிக்காமல் திரையைக் கீழே தள்ளினாள். பிறகு மேலே கொண்டுவந்து ஊரின் பெயரை மட்டும் பார்த்தாள். காரில் போனால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம்.

முதலில் மாப்பிள்ளையின் அனுமதியை நீக்கினாள். அவருடைய ஸ்கிரிப்டுகளை நிறுத்தினாள். மெயில் அனுப்ப முடியாது. மெயில் பாஸ்வேர்ட் அவர் கையில் இருந்தது, அவர் போனிலேயே படிப்பார். தங்கையிடம் போன் இல்லை. மிச்சமிருந்தது ஒரே வழி. அதே துவாரம்.

சின்ன ஸ்கிரிப்ட் எழுதினாள். தங்கை பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தின் மேல் ஒரு வெள்ளைப் பட்டை வரும். அதில் இவள் எழுதுவது தெரியும். கீழே அவள் பதில் எழுத ஒரு கட்டம்.

*நான் அக்கா. உடனே வெளியே போ. அவர் வந்துகிட்டிருக்கார்.*

தங்கை அந்த ஜன்னலை மூடினாள். வேறொன்றைத் திறந்தாள். அக்கா அதிலும் அனுப்பினாள். அதையும் மூடினாள்.

மூன்றாவதில் கட்டத்துக்குள் எழுத்து வந்தது.

*நீங்கதானே.*

அக்காவை அவள் ஒருநாளும் நீங்க என்றதில்லை. கணவரைத்தான் அப்படிச் சொல்வாள்.

*இல்லடி. நான்தான். அவர் ஆபீஸ்ல இருந்து கிளம்பிட்டார்.*

*டி போட்டுப் பேசினா நம்பிடுவேனா? அக்கா மாதிரி எழுத உங்களுக்கா தெரியாது.*

*சுண்டெலி. உன்னைச் சின்ன வயசுல அப்படித்தான் கூப்பிடுவேன்.*

*கல்யாணத்தன்னைக்கே உங்ககிட்ட அதைச் சொன்னேன்.*

*உன் முழங்கால் தழும்பு. சைக்கிள். நான்தான் பின்னாடி பிடிச்சிருந்தேன், விட்டுட்டேன்.*

*அதுவும் தெரியும் உங்களுக்கு.*

அக்கா விரல்களைத் தூக்கிக்கொண்டாள். அப்பாவின் இருமல், பரணில் இருவரும் ஒளிந்தது, அம்மா கடைசியாகக் கேட்டது. தேடிப் பார்த்தாள். அத்தனையும் அவருக்குத் தெரியும். தெரியாததையும் இந்த மாதங்களில் மெயிலில் படித்திருப்பார்.

வண்டு எழுந்து நின்றான். "என்னக்கா, சோதனை சேனல்ல யாரோ கையை வைக்கிறாங்க. எல்லாம் ஆடுது."

"நான்தான். உட்கார்."

"சொல்லிட்டுப் பண்ணக்கூடாதா? எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு."

"உட்காருடா."

அவன் அந்தக் குரலை அவளிடம் கேட்டதில்லை. உட்கார்ந்தான்.

கட்டத்தில் ஒரு கேள்வி வந்திருந்தது.

*போறதுக்கு முந்தின நாள் உன் வீட்டுக்கு வந்தேன். என்ன கலர் போட்டிருந்தேன்?*

அக்கா கண்ணை மூடினாள். தங்கை வந்தது நினைவிருந்தது. சோபாவின் நுனியில் உட்கார்ந்தது, தண்ணீர் மட்டும் போதும் என்றது, எதையோ சொல்ல வந்தது. இவள் மடியில் லேப்டாப். திரையைப் பார்த்தபடியே சொல்லுடி, சொல்லுடி என்றாள். நீலமா. நீலம் என்று எழுதிப் பார்த்தாள். தவறானால் எல்லாம் போயிற்று. அழித்தாள்.

*தெரியலைடி.*

அடுத்த வரியை உடனே எழுதினாள்.

*நான் பார்க்கலை. சத்தியமா தெரியலை. தயவுசெஞ்சு கிளம்பு.*

பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

*அவரா இருந்தா பார்த்து வச்சிருப்பார், சரியாச் சொல்லியிருப்பார்,* என்று வந்தது. *என்ன செய்யணும்?*

*பையை எடு. கம்ப்யூட்டரை அங்கேயே போட்டுடு. மெயில், பழைய கணக்கு எதையும் இனித் தொடாதே. எந்த ஊர்னு என்கிட்டயும் சொல்லாதே.*

*அப்ப உன்கிட்ட எப்படிப் பேச?*

அக்கா யோசித்தாள். தனக்குத் தெரிந்த எல்லா வழிகளையும் யோசித்தாள். எல்லாம் அவருக்கும் தெரிந்த வழிகள்.

*பேசாதே,* என்று எழுதினாள்.

கட்டத்தில் ஒரு சொல் தொடங்கியது. முடியவில்லை. புள்ளி அணைந்தது.

மாப்பிள்ளை விடுமுறை முடிந்து வந்தார். சட்டை இஸ்திரி கலையவில்லை. பையை வைத்தார். தடுப்பின்மேல் முழங்கையை ஊன்றி, வண்டுக்குக் கேட்காதபடி கேட்டார்.

"எங்கேக்கா போனா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"டீ ஆறிக் கிடந்துச்சு. பாதிதான் குடிச்சிருந்தா." சற்று நேரம் அவள் முகத்தைப் படித்தார். "நிஜமாவே உங்களுக்குத் தெரியாதுல்ல? நல்லது."

முதலாளியிடம் போகலாம். ஸ்கிரிப்டுகளின் நகலை அவள் எடுத்துவைத்திருந்தாள். துவாரம் வைத்தது யார் என்று முதலாளி கேட்பார். அது பெரிதில்லை, சொல்லிவிடுவாள். முதலாளி அவரை அன்றே வெளியே அனுப்புவார். அனுப்பினால் அவர் நாள் முழுக்க எங்கே இருப்பார் என்று தெரியாமல் போகும்.

அதனால் போகவில்லை. துவாரத்தை அடைத்தாள். அவர் நேரத்துக்கு வருகிறாரா என்று பார்த்தாள். அவர் லீவு கேட்டால் எந்த ஊருக்கு என்று விசாரித்தாள்.

தினமும் காலையில் அவர் கேட்பார். சில நாள் சிரித்துக்கொண்டு, சில நாள் திரையைப் பார்த்துக்கொண்டு.

"ஏதாவது சேதி வந்துச்சாக்கா?"

"இல்லை."

அந்தக் கேள்வி காதில் விழுந்த பிறகுதான் அவளால் வேலையைத் தொடங்க முடிந்தது. அவர் கேட்கிறவரை தங்கை அவர் கையில் சிக்கவில்லை. தங்கை உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

இன்று காலை மாப்பிள்ளை வந்தார். பையை வைத்தார். கணினியைத் திறந்தார். மதியம்வரை எதுவும் கேட்கவில்லை.