செவலை தாண்டாத கம்பு

பல வருடங்களுக்குப் பிறகு தனப்பிரியா தன் குதிரை செவலையின் மேல் ஏறினாள். திருச்செங்கோட்டுக்கு வெளியே அவளுடைய அண்ணன் சபரிநாதன் குதிரைப் பயிற்சி மைதானம் போட்டிருந்தான். தங்கை குதிரையில் கம்பைத் தாண்டித்தான் அதைத் திறந்து வைக்க வேண்டும் என்று அவனுக்குப் பிடிவாதம்.

செவலை நடந்ததுமே குளம்புச் சத்தம் டக் டக்கென்று கேட்டது. அவள் இறங்கிக் குதிகாலால் தரையைக் கிளறினாள். மேலே மாவு போலத் தூள், விரலளவு கீழே பாறை போல இறுகிய தரை.

"என்னங்கண்ணா கொட்டுனீங்க?"

"நம்ம ரிக் வண்டி போர்க்கெணறு போடறப்ப வர்ற கல்லுத்தூளுதான் அம்மணி. மெத்தையாட்டம் இருந்துச்சே."

"மழையில இறுகிப்போச்சுங்கண்ணா. தாண்டி இறங்குனா இதோட முன்னங்கால் போயிரும்."

"அன்னைக்கு ஆத்துக்குள்ள எப்படிப் பறந்த நீ."

வற்றிய ஆற்றில் கல்மேல் மூங்கிலை வைத்து இருவரும் மாறி மாறிச் செவலையில் தாண்டிய சாயங்காலங்கள் அவளுக்கும் நினைவுக்கு வந்தன. எத்தனை முறை விழுந்தாலும் சிரிப்புத்தான் வரும்.

"அது மணல் குடுத்த தெகிரியமுங்க."

"தெறப்பு விழாவுக்குக் கூப்புட்டவங்கெல்லாம் உக்காந்திருக்காங்களே."

"கால் ஒடியறத வேடிக்கை பாக்கவா வந்தாங்க?"

அவள் கம்பை இறக்கித் தரையில் போட்டு, செவலையைக் கையில் பிடித்து நடத்தினாள். கம்பைக் கண்டதும் கிழட்டுக் குதிரை காதுகளை நிமிர்த்தி, முழங்காலை உயரத் தூக்கி, பழைய மிடுக்கோடு கடந்தது. சபரிநாதன்தான் முதலில் கை தட்டினான்.

"தூளை அள்ளிட்டு மணல் போட்டா மறுக்கா வாரயா?"

"வாரேன். சீக்கிரம் போடுங்க. அதுக்கும் வயசாவுதுல்ல."