கணவாயை மூடிய கோடு

கணவாயை அளக்கப் போன சர்வேயர் அதை ஒரே கோட்டில் மூடிவிட்டார். ஒரே ஊரில் இரண்டு கோடைகாலம் பார்த்தறியாத மனிதர் அவர். சுற்றிலும் இருந்த சிகரங்கள், ஓடைகள், கரடிகளே வழி கேட்டுப் போகும் காடு என எல்லாவற்றையும் அளந்து வரைபடத்தில் ஏற்றியாயிற்று. கணவாய் மட்டும் பாக்கி. மறுநாள் காலை மனைவி மலையின் அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வருவதாக இருந்தது. இந்த நாடோடியோடு குடித்தனம் ஆகாதென்று அண்ணன் வீட்டுக்குப் போனவள், கடைசியாக ஒருமுறை பார்க்கிறேன், வரும்போது கணவாயில் ஆள் நிற்காவிட்டால் வந்த வழியே திரும்பிவிடுவேன் என்று சொல்லியனுப்பியிருந்தாள். அதற்குள் வேலையை முடித்துவிடும் பரபரப்பில் சர்வேயர் கணவாயில் ஏறவே இல்லை. கூடாரத்து மேசையிலேயே இருபக்கத்து மலைக்கோடுகளையும் உத்தேசமாக இழுத்து நடுவில் சேர்த்துவிட்டார். மலைக்கு அரசாங்கத் தாள் மேல் அபார மரியாதை. விடிந்தபோது கணவாய் இருந்த இடத்தில் பாறைச்சுவர் நின்றது. மேகங்கள் அதில் முட்டி நெற்றியைத் தடவிக்கொண்டு திரும்பின.

அளவுச் சங்கிலி பிடிப்பவர் பல் தேய்த்தபடியே அண்ணாந்து பார்த்தார். “நேத்து வரைக்கும் இங்க ஒரு வழி இருந்துச்சுங்களே. கோடு நல்லா அழுத்தமாத்தான் போட்டிருக்கீங்க.”

சுவருக்கு அப்பாலிருந்து மனைவியின் குரல் வந்தது. அவள் குரல் உயர்ந்தால் அடுத்த தெருவில் பால் திரியும், பாறை எம்மாத்திரம்.

“வந்துட்டேன். எங்க இருக்கீங்க?”

“இங்கதான் இருக்கேன்.”

“இதத்தான் கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றீங்க. நான் கிளம்பறேன்.”

சர்வேயர் கூடாரத்துக்குள் பாய்ந்து, பிளேடால் அந்தக் கோட்டைச் சுரண்டினார். மை போகவில்லை, தாள்தான் ஓட்டையானது. அதே நொடியில் பாறையிலும் வட்டமாக ஒரு ஓட்டை விழுந்தது. தாளின் ஓட்டையில் கீழிருந்த மேசைப் பலகை தெரிந்ததல்லவா, பாறை ஓட்டைக்குள்ளும் அதே பலகைதான் தரையாகக் கிடந்தது. நடுவில் லாரி வட்டமடித்துத் திரும்புமளவுக்கு ஒரு டீ கிளாஸ் கறை. மனைவி பெட்டியோடு அதைத் தாண்டி வெளியே வந்தாள்.

“வழி போட்டதுதான் போட்டீங்க, மேசையத் துடைச்சுட்டுப் போட்டிருக்கக் கூடாதா?”

அதன்பின் அந்தத் தாளை மேசையிலிருந்து எடுத்தால் கணவாய்க்குத் தரை இருக்காது என்பதால், மேசையைச் சுற்றியே சுவர் எழுப்பி வீடாக்கிக்கொண்டார்கள். மாற்றல் உத்தரவுகள் வந்தன, வந்தபடியே போயின. இப்போது பஸ்கள் பலகை மேல்தான் ஓடுகின்றன. சில நாள் உள்ளே நுழைந்ததும் பஸ் ஒரு பக்கமாக ஆடும். சர்வேயருக்கு இருப்புக்கொள்ளவில்லை, மேசையடியில் காலாட்டுகிறார் என்று கண்டக்டர் சொல்வார். நிற்பவர்கள் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள்.