தேய்த்துக் கழுவிய சாட்சி

1

இந்தக் கதை ஒரு மெத்தையிலிருந்து பிறந்தது. உடனே மனசை எங்கேயும் ஓடவிட வேண்டாம், வெறும் மெத்தைதான். வாங்கிக் கொஞ்ச நாளிலேயே நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. நானும் என் மனைவியும் ஆளுக்கொரு ஓரமாகப் படுத்தாலும் விடியும்போது பள்ளத்துக்குள் ஒன்றாகக் கிடப்போம். "கல்யாணமான புதுசுலகூட நீங்க இவ்ளோ பக்கத்துல வந்ததில்ல" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இடுப்புவலிதான் வந்தது. கம்பெனிக்குப் போன் மேல் போன் போட்டேன். 'தங்கள் உடல் எடை காரணமாக இருக்கலாம்' என்று பதில் வந்தது. விடுவேனா? நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டேன்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அப்படிச் சொன்னவர் அம்மியின் மேல் வழக்குப் போட்டுப் பார்த்தவர் இல்லை.

அந்தக் கோர்ட்டின் வராந்தாவில்தான் நர்ஸம்மாவைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகள் வார்டில் வேலை. டியூட்டி முடிந்து நேரே வந்திருந்ததால் கண் இரண்டும் சிவந்திருந்தன. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததும், சுகரா பிரஷரா என்று நோயாளியை விசாரிக்கிற மாதிரி, "உங்களுக்கு என்ன சார்?" என்று கேட்டார்.

"மெத்தைங்க சிஸ்டர். உங்களுக்கு?"

"வாட்டர் ஹீட்டர்."

மெத்தையைப் பற்றி நான் அரை மணி நேரம் புலம்பினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவருடைய ஹீட்டர் என்ன செய்தது என்று கேட்க எனக்கு அதற்கடுத்த வாய்தாவில்தான் தோன்றியது.*

* வாய்தா: கோர்ட்டில் இன்றைக்கு நடக்க வேண்டியதை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைப்பது. அந்த இன்னொரு நாளில் கொடுக்கப்படுவதும் அதுவே.

2

முதல் தொடக்கம்: 'நீதி என்பது ஒரு நீண்ட வராந்தா.'

(அடித்துவிட்டேன். மனைவி படித்துவிட்டு, "இதை காலண்டர்ல போடலாம்" என்றாள்.)

இரண்டாம் தொடக்கம்: 'அன்று காலை குளியலறையிலிருந்து ஒரு பெரும் சத்தம் கேட்டபோது நர்ஸம்மா'

(இது தேவலை. ஆனால் என்ன சத்தம்? டமார் என்று எழுதினால் சினிமா விளம்பரம் போல இருக்கிறது. அவரையே கேட்டேன். "சத்தம் கேட்டுத்தான் எந்திரிச்சேன் சார். ஆனா எப்படி இருந்துச்சுன்னு சொல்லச் சொன்னா வரமாட்டேங்குது" என்றார். அவருக்கே வராததை நான் எங்கே போய்த் தேடுவது? விட்டுவிட்டேன்.)

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நர்ஸம்மா இரவு டியூட்டி முடிந்து வந்து, ஹீட்டரைப் போட்டுக் குளித்துவிட்டுப் படுத்தார். அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது நாத்தனார் குளிக்கப் போனார். ஹீட்டர் வெடித்தது. கொதிக்கிற தண்ணீர் அந்த அம்மாளின் மேல் கொட்டியது. நர்ஸம்மா வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு இறந்துபோனார்.

நாத்தனார் என்றதும் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். நீங்கள் எதிர்பார்க்கிற சண்டை இந்தக் கதையில் இல்லை. நர்ஸம்மா பகலில் தூங்கும்போது யாரும் காலிங்பெல் அடிக்கக் கூடாதென்று வாசல் பக்கமே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாராம் அந்த அம்மாள். "நீ தூங்குடி, வீடு எங்கயும் ஓடிப்போகாது" என்பாராம். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். தனக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் பார்த்துக்கொள்ளாதவர். அந்தத் தம்பிதான் நர்ஸம்மாவின் கணவர். பஸ் ஓட்டுகிறார்.

கம்பெனி கொடுத்த பதில் இது: ஹீட்டரில் கோளாறு இல்லை, வீட்டார் சுவிட்சை அணைக்காமல் மணிக்கணக்காக விட்டதே காரணம். நர்ஸம்மாவின் வக்கீல் கேட்பது இது: சூடு மிஞ்சினால் தானே அணைந்துகொள்ள அதற்குள் ஒரு பாகம் வைத்திருக்கிறீர்களே, மனுஷன் மறப்பான் என்று தெரிந்துதானே வைத்தீர்கள், அது ஏன் அணையவில்லை? வழக்கு மொத்தமும் இந்த இரண்டு வாக்கியம்தான். இதைத் தீர்க்க முடியாமல்தான் ஊர்ப்பட்ட கட்டுகள் அலமாரியில் கிடக்கின்றன.

ஆனால் நர்ஸம்மா கோர்ட்டுக்கு வருவது இதற்காக இல்லை. அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, வார்டுக்கு வெளியே நின்றுகொண்டு கணவர் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ சுவிட்சை அணைச்சியா?"

"அணைச்சேன்னுதான் நினைக்கிறேன்" என்றார் இவர்.

அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்கவே இல்லை. கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது, கதவைப் பூட்டு, மழை வருகிற மாதிரி இருக்கிறது என்பதோடு பேச்சு சரி.

"காசு வந்தா என்ன, வராட்டி என்ன சார்" என்றார் நர்ஸம்மா. "தப்பு மெஷின் மேலதான்னு அந்த ஜட்ஜ் ஒரு தடவை சொல்லணும். எங்க வீட்டுக்காரர் காதுல விழற மாதிரி சொல்லணும். அவ்ளோதான் எனக்கு வேணும்."

3

கதை என்றால் வில்லன் வேண்டுமே. கம்பெனி வக்கீலை அதற்காக வைத்திருந்தேன். முதல் பிரதியில் அவருக்குத் தொப்பையும் ஒரு கேவலமான சிரிப்பும் கொடுத்தேன். நேரில் ஆள் ஒல்லிக்குச்சி. ஓயாத இருமல். நின்றுகொண்டிருந்த நர்ஸம்மாவுக்கு ஒருநாள் எழுந்து இடம் கொடுத்தார், இருமலுக்கு என்ன மருந்து சாப்பிடலாம் என்று அவரிடமே கேட்டார். இவரும் சொன்னார். பிறகு உள்ளே போய் அந்த மனுஷன் இவருக்கு எதிராக வாதாடினார். இந்த ஆளை வைத்துக்கொண்டு நான் எப்படி வில்லன் பண்ணுவது, சொல்லுங்கள்.

கணவரையாவது கொஞ்சம் முறுக்கிவிடலாம் என்று பார்த்தேன். தட்டை வீசி எறிந்து கத்துகிற மாதிரி ஒரு காட்சி எழுதி நர்ஸம்மாவிடம் காட்டினேன்.

"இவர் யாரு சார்?"

"உங்க வீட்டுக்காரர்தான்."

"அவர் சத்தம் போட்டா நல்லாருக்கும்" என்றார். "போடமாட்டாரு."

அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். இந்தக் கணவரை எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அது அடுத்த பகுதியில் வருகிறது.

4

இப்போது சொல்லப்போவதை நம்ப முடியாது என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லுவார். பரவாயில்லை, சொல்லட்டும்.

வழக்குப் போட்ட அன்றே வக்கீல் சொல்லியிருந்தார்: "அந்த ஹீட்டரை யாரும் தொடாதீங்க. நம்ம பக்கத்துக்கு அது ஒண்ணுதான் சாட்சி." அதன்படி பின்பக்கப் பால்கனியில், கிழிந்த வயிறும் கருகிய ஒயருமாக, பழைய போர்வை சுற்றி வைத்திருந்தார்கள். அதைத் தாண்டித் தாண்டித்தான் நர்ஸம்மா துணி காயப்போடுவார். கணவர் அந்தப் பக்கம் போகவே மாட்டார்.

வருஷங்கள் போயின. ஒருவழியாகக் கோர்ட் ஒரு நிபுணரை நியமித்தது. இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார். குறிப்பிட்ட தேதியில் வீட்டுக்கே வந்து ஹீட்டரை இன்ஸ்பெக்‌ஷன் செய்வார் என்று தாக்கீது வந்தது.

இன்ஸ்பெக்‌ஷன்! அந்தச் சொல்லைப் படித்ததும் நர்ஸம்மாவின் கை தானாகத் தண்ணீர் வாளியைத் தேடியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பழகிய பழக்கம். ஆஸ்பத்திரிக்கு இன்ஸ்பெக்‌ஷன் என்றால் முந்தின நாளே தரை, தொட்டில், டிரேக்கள், அலமாரி இடுக்கு எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவியாக வேண்டும். ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் மெமோ. அந்த ஞாபகத்திலேயே போர்வையை உருவிப்போட்டுவிட்டு உட்கார்ந்தார். கரியைக் கம்பிநாரால் தேய்த்தார். உள்ளே படிந்திருந்த உப்பை ஆசிட் ஊற்றி எடுத்தார். ஒயர் மாட்டுகிற முனைகளைக்கூடத் துணியால் துடைத்தார். பளபளவென்று ஆக்கிவிட்டுத்தான் எழுந்தார்.

(யாரும் இப்படிச் செய்வார்களா என்கிறீர்களா? வீட்டு வேலைக்கு ஆள் வருவதற்கு முன்னால் வீட்டைப் பெருக்கிவைக்கிறவளை எனக்குத் தெரியும். அவளோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.)

வாத்தியார் வந்தார். ஹீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இதை யாரும்மா தொட்டது?"

"நான்தான் சார் சுத்தம் பண்ணேன். ரொம்ப அழுக்கா இருந்துச்சு. நீங்க பார்க்க வர்றீங்களேன்னு..."

"அந்த அழுக்கைப் பார்க்கத்தாம்மா நான் வந்தேன்."

கணவர் டீ கொண்டுவந்தவர் அப்படியே நின்றாராம். இதை நர்ஸம்மா வராந்தாவில் வைத்து என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அவரும் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர், கையை எடுக்காமல் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. போய்த் தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கிவந்து கொடுத்தேன்.

'கோளாறு இருந்ததா இல்லையா என்று இப்போது எதுவும் சொல்ல இயலாது' என்று வாத்தியார் அறிக்கை கொடுத்தார். கம்பெனி வக்கீல் இருமலுக்கு நடுவே எழுந்து, "மடியில் கனமில்லாதவர் ஏன் தடயத்தைத் துடைக்க வேண்டும்?" என்று கேட்டார். அன்றைக்கென்று பார்த்து, முதல் தடவையாக, கணவர் வந்திருந்தார். கடைசி வரிசையில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டார். போயே போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். நாங்கள் கீழே இறங்கியபோது ஸ்கூட்டரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். இரண்டாவது ஹெல்மெட்டை நர்ஸம்மாவிடம் நீட்டினார்.

5

முடிவுகள். கடைக்காரன் துணியை விரிக்கிற மாதிரி விரிக்கிறேன், பாருங்கள்.

அ) நர்ஸம்மா ஜெயிக்கிறார். கம்பெனி மன்னிப்புக் கேட்கிறது. எழுதிப் படித்துக் காட்டியபோது என் மனைவி, "சாட்சியே இல்லாம எப்படி ஜெயிச்சாங்க?" என்றாள். இவளை வைத்துக்கொண்டு ஒரு பொய் சொல்ல முடியாது.

ஆ) தோற்கிறார். தோற்று, பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார். அப்போது அவர் கணவர் ஓட்டிவருகிற பஸ்

(வேண்டாம். கை கூசுகிறது.)

இ) இதுதான் எனக்குப் பிடித்தது. கோர்ட்டு வருஷக்கணக்கில் தேடுவதை எழுதுகிறவன் அரை நிமிஷத்தில் முடித்துவிடலாம் இல்லையா? முடித்தேன். 'அன்று காலை அவர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுக்கப் போனார்.' ஒரே வாக்கியம், அப்பீலே கிடையாது. பெருமையோடு அதை எடுத்துக்கொண்டு போய் நர்ஸம்மாவிடம் கொடுத்தேன்.

படித்தார். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதை எடுத்துடுங்க சார்."

"ஏன் சிஸ்டர்? கதைதானே."

"எனக்கே தெரியாததை நீங்க எப்படி எழுதுவீங்க?"

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். "உங்களுக்கு நல்லதுக்குத்தான் எழுதினேன்" என்றேன்.

"நல்லதுக்குத்தான், இல்லைங்கல. ஆனா நீங்க எழுதுறீங்கன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். பத்திரிகையில வந்ததும் குடு, படிக்கிறேன்னாரு. இத்தனை வருஷத்துல அவரா கேட்டது இது ஒண்ணுதான்." சற்று நேரம் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். "இதைப் படிச்சா நம்பிடுவாரு சார். நம்பி எங்கிட்ட நல்லா பேச ஆரம்பிச்சுட்டாருன்னு வைங்க, ஆயுசு பூரா நான் அந்தப் பொய்யைக் காப்பாத்திக்கிட்டு இருக்கணும். என்னால ஆகாது."

"அப்ப என்னதான் எழுத?"

"தெரியலைன்னு எழுதுங்க. அணைச்சேனா இல்லையான்னு எனக்குத் தெரியல. அண்ணி போனதுலேருந்து தினமும் யோசிச்சுப் பார்க்கிறேன், ஞாபகம் வரல. அன்னைக்கு அவர் கேட்டப்ப அதைச் சொல்ல வாய் வரல. இப்பவும் வரல. எழுத்துல இருந்தா படிச்சுக்குவாரு."

6

கோர்ட்டு நிலவரம்: ஜட்ஜ் ஓய்வு பெற்றுவிட்டார். நாற்காலி காலி. புதியவர் எப்போது வருவார் என்று வாசலில் பேர் கூப்பிடுகிற டவாலியைக் கேட்டால் மேலே கையைக் காட்டுகிறார். மேல்மாடியா ஆண்டவனா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே இந்தக் கதைக்கு முடிவு இல்லை. பொதுவான வாசகர்கள் இந்த இடத்தில் எழுந்து போகலாம். வந்ததற்கு நன்றி. இனி எழுதப்போவது ஒரே ஒருவருக்கு.

டிரைவர் சார், உங்களோடு நான் பேசியதில்லை. உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயும் இல்லை. வளர்த்த அக்காவை அப்படிப் பறிகொடுத்தவர் என்ன கேட்டாலும் தகும். நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. அதற்குப் பதில் மேலே இருக்கிறது: அவருக்குத் தெரியாது. அணைத்திருக்கலாம், அணைக்காமலும் இருந்திருக்கலாம். அணைக்காவிட்டாலும் அந்த மெஷின் வெடித்திருக்கக் கூடாது என்பதை இனி யாராலும் நிரூபிக்க முடியாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே கரியைக் கழுவித் துடைத்தாயிற்று. தீர்ப்புச் சொல்ல வேண்டிய நாற்காலியிலும் ஆள் இல்லை. உங்கள் வீட்டில் மீதி இருப்பது நீங்கள் இரண்டு பேர்தான்.

தெரியவில்லை என்கிற ஒருத்தியோடு இனி எப்படி இருப்பது என்பதை என்னால் எழுத முடியாது. எழுத உட்கார்ந்தால் நானும் வாய்தாதான் வாங்குவேன். உங்கள் வாயிலிருந்து வருவதுதான் இந்தக் கதையின் கடைசி வரி. திட்டினாலும் சரி, அழுதாலும் சரி, எனக்குத் தெரிவிக்க வேண்டாம். அவரிடம் சொல்லுங்கள்.

இந்த வாரம் அவருக்குப் பகல் டியூட்டி. சாயங்காலம் வீட்டில்தான் இருப்பார்.