இடதுபக்கக் கதவு

மூக்கையாவுக்கு இடது கையும் காலும் விழுந்துபோன பிறகுதான் அவர் மனைவி கிருஷ்ணகுமாரி கார் ஓட்டப் பழகினாள். நிவித்திகலப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளைக் காலமெல்லாம் வேனில் ஏற்றிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கியவர் அவர். கடைசியில் வேனை விற்று ஒரு சின்னக் கார் வாங்கியிருந்தார். மகள் கட்டாரில் வேலையில். கிளினிக் நாள் வரும்போதெல்லாம் த்ரீவீலுக்கு அலைந்து சலித்துப்போன கிருஷ்ணகுமாரி, ஒருநாள் தானாகவே போய் டிரைவிங் வகுப்பில் சேர்ந்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. ஏற்கெனவே குழறிக்கொண்டிருந்த பேச்சு, அதற்குப் பிறகு இன்னும் குறைந்தது.

இன்றுதான் முதல் தடவையாக அவரைப் பக்கத்தில் உட்கார்த்தி இரத்தினபுரி வரை ஓட்டி வந்தாள். வழி நெடுக மழை விட்டுவிட்டுத் தூறியது.

கிளினிக் முற்றத்தில் ஒரு ஜீப்புக்கும் வெள்ளை வேனுக்கும் நடுவே ஓர் இடம்தான் மீதி. பின்னால் எடுத்துத்தான் உள்ளே விட வேண்டும். வகுப்பில் சொன்னதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். வேனைத் தாண்டி முன்னுக்குப் போய் நிற்பது, பின் டயர் வேன் மூலைக்கு வந்ததும் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிப்பது, இரண்டு கண்ணாடியிலும் இடைவெளி சமமாகத் தெரிந்ததும் திரும்ப நேராக்குவது.

"என்ன, அக்கே, என்ன!" என்று காவல்காரர் கையை ஆட்டினார். சிங்களத்தில் அது 'வாங்க, வாங்க.'

பாதி போயிருக்கும். மூக்கையாவின் வலது கை சட்டென்று நீண்டு ஸ்டியரிங்கைப் பிடித்து எதிர்ப்பக்கமாகத் தள்ளியது. வண்டி குலுங்கி நின்றது.

"கைய எடுங்க!"

அவரிடம் அவள் அப்படிக் கத்தியதே இல்லை. அவர் கையை எடுத்து, செத்துக் கிடந்த இடது கையின் மேல் வைத்துக்கொண்டார்.

பல்லைக் கடித்துக்கொண்டு காரை உள்ளே விட்டாள். பார்த்தால் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. இறங்கிச் சுற்றி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். ஒரு சாணுக்கு மேல் திறக்கவில்லை. வேன் இடித்தது.

"கதவு..." என்றார் அவர். அடுத்த வார்த்தைக்கு வாய் வெகுநேரம் தவித்தது. "அதான்... தள்ளுனேன்."

"நான் வெளங்கிக்கலங்க," என்றாள். அவர் முன்கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காரை வெளியே எடுத்து, காவல்காரரின் உதவியோடு அவரைக் கிளினிக்கின் சக்கர நாற்காலியில் இறக்கினாள். காவல்காரர் தள்ளிக்கொண்டு போனார். அவள் தனியாகத் திரும்பி வந்து ரிவர்ஸ் போட்டாள். பக்கத்து சீட் காலியாக இருந்தது. எந்தக் கையும் நீளவில்லை. ஒரே ஒடிப்பில், இந்தத் தடவை வேனை விட்டு நன்றாக விலகி, கார் உள்ளே போய் நின்றது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வாசல் கூரைக்குக் கீழே அவரைச் சுவரைப் பார்த்தபடி விட்டுப் போயிருந்தார் காவல்காரர். எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினாள்.

அருகில் போய், "எடம் விட்டு நிப்பாட்டிட்டேங்க," என்றாள்.

அவரால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"டயர... நேராக்கி... விட்டியா, குமாரி?"

பல நாட்களில் அவர் அவளிடம் பேசிய நீளமான பேச்சு அது. டயரை நேராக்க அவள் மறந்திருந்தாள்.

"ஆமாங்க," என்று சொல்லி, நாற்காலியை மெதுவாக உள்ளே தள்ளினாள்.