கறுப்புக் கோட்டில் அகப்பட்ட மீன்

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. கடல்நாய் முதலில் வந்ததா, போதகர் முதலில் வந்தாரா என்று கேட்டால் எங்கள் ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். போருக்கு முன், போதகர் மில்ராய் இந்த ஸ்காட்லாந்துக் கரைக்குப் புதிதாக வந்த வசந்தத்தில் நடந்தது என்பது மட்டும் உறுதி.

கில்பர்ட் டூதி அதிகம் பேசமாட்டான். வீட்டில் அதற்குப் பெயர் உம்மணாமூஞ்சித்தனம். சர்ச்சில் அதற்குப் பெயர் திமிர். ஆற்று முகத்தில் மட்டும் அப்படியில்லை. தோணியின் பின்புறப் பலகையில் நின்று வலையை இறக்குகிறவன்தான் எங்கே வலை போடுவது என்று தீர்மானிப்பவன். கில்பர்ட் தாடையை லேசாகத் திருப்பினால் போதும், துடுப்பில் இருப்பவர்கள் அந்தப் பக்கம் வலிப்பார்கள். அவன் மௌனத்துக்கு மரியாதை இருந்த ஒரே இடம் அந்த மூன்றடிப் பலகை.

அதை அவன் இழந்தது ஒரு விசாரிப்பால். பருவத்தின் முதல் நாள் காலையில், தோளில் வலையோடு தோணிக்குப் போய்க்கொண்டிருந்தவனைப் புதுப் போதகர் வழிமறித்து, இன்று சால்மன் நிறையக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டார். எங்கள் ஊர் மீனவர் நம்பிக்கைப்படி, தோணிக்குப் போகிறவன் போதகரைப் பார்த்தாலே வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த மீனின் பெயரை ஒருவர் சொன்னால் உடனே இரும்பைத் தொட வேண்டும். எங்களுக்கு அது எப்போதும் ‘சிவப்பன்’தான். கில்பர்ட்டுக்கு இரண்டு கைகளிலும் வலை. திரும்பிப் போகவும் வெட்கம். தலையை ஆட்டிவிட்டுத் தோணி ஏறினான்.

அதன்பின் வாரக்கணக்கில் வலை வெறுமையாக வந்தது. பாசி வந்தது, நண்டு வந்தது. கடைசியில் அவன் மனைவி எல்ஸ்பெத்தின் தம்பி ஃபின்லே பேச்சை எடுத்தான்.

“தப்பா நெனைக்காதீங்க மச்சான். உங்க மேல என்னமோ ஒட்டிக்கிட்டிருக்கு. அது போற வரைக்கும் கரையில நில்லுங்க.”

கரையில் நிற்பது என்றால் வலையின் ஒரு முனைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பது. தோணி ஆற்றில் அரைவட்டம் போட்டு வலையை இறக்கிக்கொண்டு கரைக்குத் திரும்பும்வரை நிற்க வேண்டும். முட்டி போன கிழவன் மேக்னஸ் செய்துவந்த வேலை அது. மேக்னஸ் துடுப்புக்குப் போனான். ஃபின்லே பலகையில் ஏறினான். கில்பர்ட் கயிற்றை வாங்கிக்கொண்டான். ஃபின்லே இடத்தில் தான் இருந்தாலும் இதையேதான் செய்திருப்பான் என்று அவனுக்குத் தெரியும். அதுதான் அவனை அதிகம் வருத்தியது.

ஒரு மேகமூட்டமான காலையில் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தான். தோணி இன்னும் கரையை ஒட்டியே கிடந்தது. மணல்மேட்டைத் தாண்டிப் போதகர் நடந்து வந்தார். கயிற்றை விட்டுவிட்டு ஓட முடியாது. அவர் அருகில் நின்று தன் உடல்நிலை, ஊர்க் குளிர், சர்ச்சுக்கு யாரும் பேச வராதது எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். தோணியிலிருந்து ஃபின்லே கையை வீசி அவரை விரட்டச் சொன்னான்.

அப்போது வடக்கே கொஞ்ச தூரத்தில் தண்ணீர் கலைந்தது. ஒரு கடல்நாய் எதையோ துரத்திக்கொண்டு கரைவரை வந்தது. தப்பிக்கப் பாய்ந்த மீன் நேராக மணலில் வந்து விழுந்து துடித்தது. போதகர் அங்கே ஓடினார். கைக்கு வழுக்கியதும் தன் கறுப்புக் கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டு, தானும் மேலே விழுந்தார். எழுந்தபோது அவர் கக்கத்தில் கோட்டுக்குள் ஒரு முழுச் சிவப்பன்.

கில்பர்ட் மீனைப் பார்க்கவில்லை. மீன் வந்த தண்ணீரைப் பார்த்தான். அங்கே நீர் ஆழமாகக் கறுத்து ஓடியது. பனிக்காலப் புயலில் மணல்திட்டு நகர்ந்து ஆறு வேறு வாய் திறந்திருக்கிறது. எல்லோரும் பழைய வாயில் வலை போட்டுக்கொண்டு அவனைக் குறை சொல்லியிருக்கிறார்கள். அவனும் தன்னையே குறை சொல்லியிருக்கிறான்.

வடக்கே வரும்படி கை காட்டினான். கறுப்புக் கோட்டு நிற்கும் பக்கம் வரமாட்டோம் என்றான் ஃபின்லே. கில்பர்ட் கயிற்றை இழுத்துக்கொண்டு வடக்கே நடந்தான். தோணியிலிருந்து வலை தானாகச் சரிய ஆரம்பித்தது. கூடவே வலிக்காவிட்டால் வலையே போய்விடும் என்பதால் திட்டிக்கொண்டே வலித்தார்கள். கயிறு கனத்தது. மணலில் அவன் கால் புதைந்தது.

“ஐயா, அதைக் கீழ வச்சிட்டு இதப் புடிங்க,” என்றான்.

போதகர் பிடித்தார். தோணி புது வாயை வளைத்துக்கொண்டு கரைக்கு வந்தது. எல்லோரும் சேர்ந்து இழுத்தபோது வலைமடி நகர மறுத்தது. உள்ளே தண்ணீர் கொதிப்பதுபோல் இருந்தது. கொண்டுவந்த பெட்டிகள் போதவில்லை. போதகரின் மீனை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அதை அவரே கோட்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போனார்.

சாயங்காலம் ஃபின்லே வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“நாளைக்கும் கயிறு நீங்களே புடிங்க மச்சான். அவரையும் வரச் சொல்லுங்க. கோட்டோட.”

“ஆறு வாய் மாறிடுச்சுடா. அதான் விஷயம்.”

“மாறியிருக்கலாம். ஆனா நீங்க பலகையில நின்னப்ப வரல. கரையில நின்னீங்க, வந்துச்சு. அதைப் போய் நான் மாத்துவேனா?”

மீன் நிறையக் கிடைத்த நாளில் போட்டிருந்த காலுறையைப் பருவம் முழுக்கத் துவைக்க விடாதவன் கில்பர்ட்.

“சரி,” என்றான்.

அவன் மறுபடி அந்தப் பலகையில் ஏறவே இல்லை. முட்டி விட்டுப்போகும்வரை கரையில் கயிறு பிடித்தான், பின்பு வலை பின்னினான். போதகர் பருவத்துக்குப் பருவம் பக்கத்தில் நின்று பிடித்தார். பிறகு கிளாஸ்கோவுக்கு மாற்றலாகிப் போய் அங்கேயே இறந்தார். மேக்னஸ் போர் தொடங்கிய குளிரில் தூக்கத்தில் போனான். ஃபின்லே கடற்படையிலிருந்து ஒரு காது செவிடாகத் திரும்பி வந்து அதே பலகையில் நின்றான். எல்ஸ்பெத் கணவனுக்குப் பின் மகளோடு அபர்டீனில் இருந்தாள்.